800 மீட்டரில் யாரை வளர்ப்பது? ஓர் உடற்கல்வி ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணிபுரியும் நீங்கள், 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 800 மீட்டர் ஓடும் மூன்று மாணவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதலாமவன் ஒன்பதாம் வகுப்பு, வயது பதினான்கரை, உயரம் 172 செ.மீ., மீசை அரும்பிவிட்டது; குறுவட்டப் போட்டியில் 2 நிமிடம் 8 விநாடியில் முதலாவதாக வந்திருக்கிறான்; இரண்டு ஆண்டுகளாகத் தனியார் பயிற்சி முகாம் ஒன்றுக்குத் தினமும் காலையில் போய்வருகிறான். இரண்டாமவன் அதே வகுப்பு, கிட்டத்தட்ட அதே வயது, உயரம் 148 செ.மீ.; அதே போட்டியில் 2 நிமிடம் 21 விநாடியில் ஆறாவதாக வந்தான்; சென்ற ஜூனில்தான் ஓடத் தொடங்கினான், அதுவரை மாலையில் கால்பந்து மட்டுமே ஆடியவன். மூன்றாவது, பதினாறு வயது மாணவி. பதினான்கு வயதில் 2 நிமிடம் 29 விநாடி ஓடியவள் இந்த ஆண்டு 2 நிமிடம் 37 விநாடிக்குப் பின்தங்கிவிட்டாள், தந்தை ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்கிறார். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு யாரை அனுப்புவது, காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தால் முதலாமவனுக்கு ஒரே ஆண்டில் தேசியப் பதக்கம் வாங்கித் தருவதாக முகாம் நடத்துபவர் சொல்வதை நம்பலாமா, எந்த வயதில் எந்த நேரம் ஓடினால் எதிர்காலம் உண்டு என்று ஓர் அட்டவணை தர முடியுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

அட்டவணையை நான் தரப்போவதில்லை. அப்படிப்பட்ட அட்டவணைகள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை ஓடிய நேரத்தை மட்டும் பார்த்து, இருபத்து நான்கு வயதில் அவன் என்ன ஓடுவான் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் எவற்றால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். அந்த 2:08-இல் உடல் முன்கூட்டியே வளர்ந்ததன் பங்கு எவ்வளவு, இரண்டு ஆண்டுக் கடும்பயிற்சியின் பங்கு எவ்வளவு, இயற்கையான வேகத்தின் பங்கு எவ்வளவு, அன்றைய ஓட்டத்தை அவன் நடத்திய விதத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்களிடம் இருக்கும் ஸ்டாப்வாட்ச், அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், ஒன்றரை ஆண்டுப் பொறுமை ஆகியவை போதும்.

முதலில் அந்த நேரங்களையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். குறுவட்டப் போட்டி பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் வட்டத்தில் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்விளிம்பில் கட்டை பதிக்காத ஓடுதளத்தில், கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே தள்ளித்தான் தூரத்தை அளக்க வேண்டும் என்பது விதி. நாடாவைக் கோட்டின் மேலேயே வைத்து அளந்திருந்தால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.26 மீட்டர் கூடுதலாகி, நான்கு சுற்றில் 5 மீட்டர் ஆகிவிடும்; முதலாமவனின் வேகத்தில் அது முக்கால் விநாடிக்கும் மேல். வளைவு சரியான அரைவட்டமாக இல்லாவிட்டால் பிழை இன்னும் பெரிதாகும். கைக்கடிகாரத்தை அழுத்துவதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஆகவே ஒரு விநாடி, இரண்டு விநாடி வித்தியாசத்தை வைத்து எந்தப் பிள்ளையையும் பற்றி முடிவெடுக்காதீர்கள். ஒரே மைதானத்தில், ஒரே ஆள் கடிகாரம் பிடித்து, பருவத்துக்கு ஒருமுறை எடுத்த நேரங்கள் மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை.

அடுத்தது உடலின் வயது. இதுதான் இந்த விஷயத்தின் மையம். பிறப்புச் சான்றிதழ்படி இரண்டு மாணவர்களும் ஒரே வயதினர். உடலளவில் அவர்களுக்குள் மூன்று ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டி வருகிறது. ஆனால் சராசரிக்கு முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டு தள்ளி வருவது முற்றிலும் இயல்பு. அந்தக் கட்டத்தைக் கடந்த பையனுக்குக் கால் நீளமாகிவிடுகிறது, இதயமும் நுரையீரலும் பெரிதாகின்றன, டெஸ்டோஸ்டிரோன் கூடுவதால் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தசையும் கூடுகின்றன. நடுத்தொலைவு ஓட்டத்தில் இவை ஒவ்வொன்றும் விநாடிகளாக மாறும். இவை எல்லாம் இன்னும் வராத ஒரு பையன், வந்துவிட்டவனைவிட 13 விநாடி பின்தங்கி முடிப்பதில் வியப்பில்லை. அதிலும் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில், பதினான்கரை வயதுச் சிறுவன் பதினாறு வயது நிரம்பியவர்களோடும் ஓட வேண்டியிருக்கிறது. ஆறாவது இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு முன்னால் முடித்த ஐவரில் எத்தனை பேர் அவனைவிட உடலால் வளர்ந்தவர்கள் என்று எழுதவில்லை. அதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

இதை அளக்க ஒரு வழி உண்டு. வகுப்பறைச் சுவரில் அளவு நாடாவை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலணி இல்லாமல், எப்போதும் காலை வேளையிலேயே உயரத்தை எடுங்கள். காலையில் எடுத்ததற்கும் மாலையில் எடுத்ததற்கும் ஒரு செ.மீ. வரை வித்தியாசம் வரும் என்பதால் நேரத்தை மாற்றக் கூடாது. ஒரு பெஞ்சில் நிமிர்ந்து உட்காரவைத்து, பெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை உள்ள உயரத்தையும் எடுங்கள். கால்கள் முதலில் நீளும், உடற்பகுதி பிறகு நீளும். ஆகவே உட்கார்ந்த உயரம் வேகமாகக் கூடத் தொடங்கினால், வளர்ச்சியின் உச்சம் வந்துவிட்டது அல்லது கடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். உச்சக் கட்டத்தில் பையன்கள் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை வளர்வார்கள். முதலாமவனின் உயரம் கடந்த ஆண்டில் ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமே கூடியிருந்தால், வளர்ச்சி கொடுக்கவிருந்த ஊக்கத்தைப் பெரும்பாலும் அவன் வாங்கிவிட்டான். இரண்டாமவனுக்கு அது முழுவதும் இனிமேல்தான் வரவேண்டும். பெற்றோர் இருவரின் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்களாக இருந்தும், பதினைந்து வயது தாண்டியும் அவனிடம் வளர்ச்சியின் அறிகுறி எதுவும் தென்படாவிட்டால், ஓட்டத்துக்காக அல்ல, அவன் நலனுக்காகவே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஊட்டக்குறைவும் இப்படித்தான் தோற்றமளிக்கும்.

வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் பிள்ளை சில மாதங்கள் தடுமாறுவான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கால் திடீரென நீண்டுவிட்டதால் காலடி ஒழுங்கு கெடும், ஓடும் அழகு குலையும், நேரம் அப்படியே நிற்கும் அல்லது பின்போகும். அந்த மாதங்களில் எடுத்த நேரத்தை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதக் கூடாது.

மூன்றாவது, பயிற்சியின் வயது. முதலாமவன் இரண்டு ஆண்டுகளாகத் தினமும் 300, 400 மீட்டர் ஓட்டங்களை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடிவருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைப் பயிற்சி சில வாரங்களிலேயே நேரத்தைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் உடனடிப் பதக்கம் வேண்டுபவர்கள் அதை நாடுகிறார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் விரைவில் தேங்கிவிடும், அடித்தளத்தை அது அகலப்படுத்துவதில்லை. பருவம் முழுமையாக வராத உடலில் அந்தக் கடும் வேகத்துக்கான வேதியியல் திறனே குறைவாக இருப்பதால், அந்தப் பயிற்சியால் நிலைத்த பலனும் குறைவு. இரண்டாமவன் எட்டு மாதத்தில், வாரத்துக்கு மூன்று நாள் ஓடி 2:21-க்கு வந்திருக்கிறான். தொடக்கத்தில் அவன் ஓடிய நேரம் உங்கள் கடிதத்தில் இல்லை. குறிப்பேட்டில் இருந்தால் அதுதான் எனக்கு முதலில் வேண்டிய எண். ஒரே பயிற்சிக்கு ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத குடும்பங்களை 20 வாரம் ஒரே வகையான பயிற்சியில் ஈடுபடுத்திய ஹெரிட்டேஜ் ஆய்வில், சிலருடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மிகுதியாகக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு குடும்பவழியாக வந்தது என்பதும் தெரிந்தது. ஆகவே, குறைந்த பயிற்சியில் நிறைய முன்னேறுவதே ஒரு திறமைதான். அதை ஒருநாள் தேர்வுப் போட்டியில் காண முடியாது. தினமும் கூட இருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கே அது தெரியும்.

இனி ஓட்டத்துக்குள்ளே வருகிறேன். நீங்கள் 400 மீட்டர் முடிவில் குறித்து அனுப்பிய நேரங்களுக்கு மிகவும் நன்றி. பல பயிற்சியாளர்கள்கூட இதைச் செய்வதில்லை. முதலாமவன் முதல் 400-ஐ 58 விநாடியிலும் அடுத்த 400-ஐ 70 விநாடியிலும் ஓடியிருக்கிறான். இரண்டாமவன் 70, 71 என்று ஓடியிருக்கிறான். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 என்ற உலகச் சாதனையை நிகழ்த்தியபோது, முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகின் மிகச் சிறந்த 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு சுற்றுகளுக்கும் வித்தியாசம் இரண்டரை விநாடிக்கும் குறைவு. முதலாமவனுக்கோ 12 விநாடி. இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, அவனுக்கு ஓட்டத்தைப் பங்கிட்டு ஓட யாரும் சொல்லித்தரவில்லை. முதல் 400-ஐ 62, 63 விநாடியில் முடித்தால் இப்போதைய உடலிலேயே அவன் இன்னும் வேகமாக ஓடக்கூடும். மற்றொன்று, அவன் இயல்பில் 400 மீட்டர்க்காரன். எது உண்மை என்பதை இரண்டு முறை நிதானமாகத் தொடங்கவைத்து ஓடச் செய்தால் கண்டுகொள்ளலாம். இரண்டாமவனின் 70, 71 இதைவிட எனக்கு ஆர்வமூட்டுகிறது. எட்டு மாதமே ஓடிய சிறுவன், தன்னைவிடப் பெரியவர்கள் தொடக்கத்தில் பாய்ந்து ஓடும்போது அவர்கள் பின்னால் போகாமல், தன் வேகத்தைத் தானே அறிந்து ஓடியிருக்கிறான். அது அச்சத்தால் வந்த நிதானமா, அறிவால் வந்த நிதானமா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு நிற்க வேண்டிய இடம் முடிவுக் கோடு அல்ல. அடுத்த போட்டியில் 500 மீட்டருக்கும் 600 மீட்டருக்கும் இடையில் ஓடுதளத்தின் ஓரமாக நில்லுங்கள். 800 மீட்டர் ஓட்டத்தின் உண்மை அங்கேதான் வெளிப்படும். தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றனவா, தாடை மேலே தூக்குகிறதா, முழங்கை உடலைவிட்டு அகல்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டுக் காதால் கேளுங்கள். மண் மைதானத்தில் காலடி ஓசை நன்றாகக் கேட்கும். முதல் சுற்றில் லேசாக, அடுத்தடுத்து விழுந்த காலடி, இந்த இடத்தில் கனத்து, தரையில் அறைந்து, இடைவெளி நீண்டு ஒலித்தால், அந்தப் பிள்ளை வேகத்தைத் தக்கவைக்கத் தெரியாமல் காலை எட்டிப்போட்டு ஓடுகிறான். களைப்பிலும் ஓசை மாறாமல் வருபவனை நோட்டில் குறித்துவையுங்கள். உடல் வளர்ந்த பின்னும் அவனோடு இருக்கப்போகிற சொத்து அது. பயிற்சியால் திருத்தவும் முடியும் என்றாலும், சொல்லித்தராமலே வருவது சிலருக்குத்தான்.

வேகம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நடுத்தொலைவு ஓட்டத்தில் எதிர்காலத்தை எடைபோடுபவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பிள்ளை 60 மீட்டரை, 200 மீட்டரை எவ்வளவில் ஓடுகிறான் என்பதே. 800 மீட்டரில் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாக வருகிறது; அந்தப் பகுதியை ஆண்டுக்கணக்கான பயிற்சியால் பெரிதாக வளர்க்கலாம். உச்ச வேகத்தை அந்த அளவுக்கு வளர்க்க முடியாது. இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ 1981-இல் 800 மீட்டரை 1:41.73-இல் ஓடியவர், அவருடைய சிறந்த 400 மீட்டர் நேரம் 46.87. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:43.50-இல் வென்ற கியூபாவின் ஜுவாந்தொரேனா, அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டரையும் 44.26-இல் வென்றார். மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் போன்றவர்கள் மறுபக்கத்திலிருந்து, 1500-இலிருந்து 5000-த்தை நோக்கி விரியும் வகையினர். ஆகவே மூன்று மாணவர்களுக்கும் வெவ்வேறு நாள்களில் 60, 200, 1600 மீட்டர் ஓடவைத்து நேரம் எடுங்கள். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், 800 மீட்டர் ஒருவனுக்கு ஏற்றதா அல்லது தற்செயலாக மாட்டிக்கொண்ட தூரமா என்பது புலப்படத் தொடங்கும்.

தூரத்தை இப்போதே முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஸ்ரீராம் சிங் 1968-இல் ராஜபுதன ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தபோது 400 மீட்டர்க்காரர். அங்கே பயிற்சியாளர் இலியாஸ் பாபர்தான் அவரை 800 மீட்டருக்கு மாற்றினார். மாண்ட்ரியல் இறுதிப் போட்டியில் அவர் ஜுவாந்தொரேனாவுக்கு முன்னால் முதல் சுற்றை 50.85 விநாடியில் கடந்தார், 1:45.77-இல் ஏழாவதாக முடித்தார். அந்த நேரம் 42 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்று, 2018-இல்தான் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி அதை முறியடித்தார். பதினான்கு வயதில் 800 மீட்டர் தேர்வு ஒன்றில் நிறுத்தி ஸ்ரீராம் சிங்கைக் கண்டெடுத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். ருடிஷாவும் கென்யாவின் இட்டேன் நகருக்குப் பயிற்சிக்கு வந்தபோது 800 மீட்டர்க்காரர் அல்லர். அயர்லாந்திலிருந்து 1976-இல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த காம் ஓ'கானல் என்ற துறவிதான் அவரை அந்தத் தூரத்துக்குத் திருப்பினார். ஓ'கானல் தடகளப் பின்னணி இல்லாமல் வந்து, மாணவர்களை நாள்தோறும் பார்த்தே கற்றுக்கொண்டவர் என்பதை உங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1960, 1964 ஒலிம்பிக்குகளில் 800 மீட்டரை வென்ற நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல், பதின்பருவத்தில் டென்னிஸ் போட்டிகளில் கலந்துகொண்டிருந்தவர். பத்தொன்பது வயதில்தான் ஓட்டத்தை முழுமூச்சாக எடுத்துக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ருடிஷா 2006-இல் உலக இளையோர் சாம்பியன். நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் பதினாறு வயதில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடி, பதினேழு வயதில் ஐரோப்பிய சாம்பியனாகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை வென்றவர். இளமையில் வென்றவர் எல்லாரும் பின்னால் தோற்றுப்போவார்கள் என்று ஒரு விதியும் இல்லை. இளையோர் பதக்கம் வாங்கியவர்களும் பிற்காலத்தில் மூத்தோர் பதக்கம் வாங்கியவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களாக இருக்கிறார்கள் என்பது மட்டுமே தெளிவு. முந்தி வளர்ந்தவன் என்பதற்காகவே முதலாமவனைக் குறைத்து மதிப்பிட்டால், அதுவும் உடலைப் பார்த்து ஏமாறுவதுதான். அவனிடம் உண்மையான திறமை இருக்கலாம். மற்றவர்களும் வளர்ந்த பிறகு, பதினேழு, பதினெட்டு வயதில்தான் அது தெரியவரும். அதுவரை அவன் ஓட்டத்தில் நிலைத்திருக்க வேண்டும். எல்லாரையும் எளிதாக வென்று பழகிய பிள்ளை, கூடப் படிப்பவர்கள் எட்டிப்பிடிக்கும் ஆண்டில் மனம் உடைந்து விலகிவிடுவதே அதிகம் நடக்கிறது. அப்படி ஓர் ஆண்டு வரும் என்பதை இப்போதே அவனிடமும் அவன் பெற்றோரிடமும் சொல்லிவையுங்கள்.

மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பிள்ளைகளின் விளையாட்டுத் திறமையைக் கண்டறிய இத்தகைய வணிகப் பரிசோதனைகளால் பயனில்லை என்று 2015-இல் இத்துறை நிபுணர்கள் ஒருமித்த அறிக்கையே வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம்.

மாணவியின் நிலை எனக்கு அதிகக் கவலை தருகிறது. எட்டு விநாடி பின்தங்கியதற்காக அல்ல. அதைத் தோல்வி என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்களே என்பதற்காக. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில் பெண் பிள்ளைகளின் நேரம் ஓரிரு ஆண்டு தேங்குவதும் பின்போவதும் மிக இயல்பானது. இடுப்பு அகல்கிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, அந்த எடைக்கு ஈடான தசைவலிமை வருவதற்குக் காலம் பிடிக்கிறது. இந்த இடைவெளியில்தான் நம் மாநிலத்தில் எண்ணற்ற பெண் பிள்ளைகள் ஓட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள். வெளியேற்றப்படுகிறார்கள் என்பதே சரி. இங்கிலாந்தின் கெல்லி ஹோம்ஸ் 1983-இல் பள்ளிகளுக்கிடையிலான 1500 மீட்டர் சாம்பியன். பதினெட்டு வயதை ஒட்டி ராணுவத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் ஓட்டத்தை விட்டே விலகியிருந்தவர். முப்பத்து நான்கு வயதில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். அமெரிக்காவின் மேரி கெய்ன் பதினேழு வயதில் 2013 உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிக்கு வந்தவர். எடையைக் குறைக்கும்படி தம்மை நெருக்கியதால் மாதவிலக்கு நின்றுபோய், எலும்புகள் முறிந்ததை 2019-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இந்த இரண்டு வாழ்க்கைகளையும் அந்தத் தந்தையிடம் எடுத்துச்சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அரசு மருத்துவமனையில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஓடும் பெண்ணுக்கு அது நேரடியாக விநாடிகளில் தெரியும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு போகிறாளா என்று உங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் மூலம் கேட்டறியுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதையும் அந்த ஆசிரியையே கேட்கட்டும். பயிற்சி கூடும்போது அது நிற்பது நல்ல அறிகுறி என்று சில முகாம்களில் சொல்லப்படுவது ஆபத்தான பொய்; அது உடலுக்குப் போதிய உணவு போகவில்லை என்பதற்கான எச்சரிக்கை. அவளிடம் எடையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மேலே சொன்ன 60, 200, 1600 மீட்டர் நேரங்களை எடுத்ததோடு சரி, பிறகு இந்த ஓராண்டு கடிகாரம் இல்லாமல் ஓடட்டும். மேட்டில் குறுகிய தூர ஓட்டம், தாண்டுதல், உடல்வலிமைப் பயிற்சி இவற்றைச் சேர்த்துக்கொடுங்கள்.

முகாம் நடத்துபவரின் வாக்குறுதிக்கு என் பதில் தெளிவாக இருக்கட்டும்: ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிதத்தின் கடைசியில், முதலாமவன் முழங்காலுக்குக் கீழே வலிப்பதாகச் சில வாரங்களாகச் சொல்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்னெலும்பின் மேட்டில் தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு, தொடைத்தசையின் நாண் எலும்போடு சேருமிடத்தில் மிகைப்பயிற்சியால் வரும் வலி அது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பயிற்சியைக் குறைத்தால் ஆறும். அதைத் தைலம் தேய்த்து மறைத்து, காலையும் மாலையும் ஓடவைத்தால் வலி நாள்பட்டுப்போகும். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் அவனை அடுத்த போட்டியில் ஓடவிட வேண்டாம். அவன் வயதைப் பற்றிப் பிற பள்ளிகள் சந்தேகம் கிளப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். தோற்றத்தை வைத்து எழும் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பது வழக்கம். அங்கே முந்தி வளர்ந்த பிள்ளைக்கு எலும்பின் வயது கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லி, பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

விடுதித் தேர்வைப் பொறுத்தவரை, முழங்கால் ஆறிவிட்டால் முதலாமவனை அனுப்புங்கள். நல்ல உணவும் சிந்தெடிக் ஓடுதளமும் ஒரே பயிற்சியாளரின் மேற்பார்வையும் அவனுக்குக் கிடைக்கும். இந்த முகாமிலிருந்தும் விலகுவான். போகும்போது நீங்கள் எடுத்த உயர அளவுகள், சுற்று நேரங்கள், முழங்கால் வலியின் வரலாறு அனைத்தையும் ஒரு தாளில் எழுதி விடுதிப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள். இரண்டாமவனை இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம். ஒருநாள் தேர்வு அளக்கப்போவது, அவனிடம் இன்னும் வந்துசேராத உடலை; தேர்வாகாமல் திரும்பினால் தனக்கு ஓட்டம் வராது என்று அவனே நம்பிவிடக்கூடும். உங்களிடமே இருக்கட்டும். கால்பந்தை நிறுத்தாதீர்கள், அந்த ஆட்டத்தில் வரும் குறுகிய பாய்ச்சல்களும் திருப்பங்களும் இந்த வயதுக்கு ஏற்ற வேகப்பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நிதான ஓட்டம், ஒருநாள் 30, 60 மீட்டர் வேக ஓட்டங்கள், பருவத்துக்கு மூன்று நான்கு போட்டிகள் போதும். போட்டியில் தன்னளவு உயரமுள்ளவர்களோடும் அவன் ஓட ஒருமுறையாவது வாய்ப்பு ஏற்படுத்துங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு பேசி, வயதுக்குப் பதிலாக உயரப்படி பிரித்து ஒரு சனிக்கிழமை ஓட்டம் வைக்கலாம்.

மூவரின் 60, 200, 1600 மீட்டர் நேரங்களையும், ஜூனுக்கும் இப்போதைக்கும் இடையிலான இரண்டாமவனின் நேரங்களையும், முதல் இரண்டு உயர அளவுகளையும் எடுத்தவுடன் எனக்கு அனுப்புங்கள். மாணவியின் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதற்காகக் காத்திராமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச்செல்லச் சொல்லுங்கள்.